துக்க வீட்டு வாசலில் நத்தார்ப் பாட்டு

இஞ்சாருங்கோ,

இப்படிக் கூப்பிட்டால்தான் நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள். 'அன்புள்ள கணவருக்கு' என்று தொடங்கினால் கந்தோரிலிருந்து வந்த உத்தியோகக் கடிதமாக்கும் என்று மடித்து வைத்துவிடுவீர்கள். இதைச் சபைப் பத்திரிகையில் போடவேண்டுமென்று போதகர் கேட்டிருக்கிறார். போடட்டும், வெள்ளவத்தை முழுக்க வாசித்தாலும் எனக்கென்ன வெட்கம்?

முதலில் வீட்டுச் சங்கதி. உலகச் சண்டை இன்னும் ஓயவில்லை. யப்பான்காரன் போட்ட குண்டுக்குப் பயந்து கொழும்பை விட்டு யாழ்ப்பாணத்துக்கு ரயிலேறியவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. அரிசிக்கும் கூப்பன், சீனிக்கும் கூப்பன். நான் பஜிரி என்கிற கம்பு மாவில் ரொட்டி சுட்டால், உங்கள் மகள் மணி அதைக் கோப்பையில் தட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, கதவு தட்டுற மாதிரிக் கேக்குது" என்கிறாள். வாய் அப்படியே உங்களுடையது.

காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன நாளிலிருந்து நான் கோயிலுக்குப் போனேன், வந்தேன், ஒரு பாட்டுக்கும் வாய் திறக்கவில்லை. ஆண்டவரோடு சரியான கோபம். உங்களை எடுத்தவருக்கு நான் ஏன் பாட வேண்டும்?

யேசு பிறந்த நத்தார் வந்தது. உங்கள் அக்கா கிரேஸ் மச்சாள் சன்னலெல்லாம் சாத்தி, திரையையும் இழுத்துவிட்டா. "துக்க வீட்டிலை என்ன நத்தார்? சனம் என்ன கதைக்கும்?" என்றா. நானும் ஓம் என்றேன். சண்டைக் காலத்தில் இரவு விளக்குக் கொளுத்தக் கூடாது என்பதால், கரோல் கூட்டம் பின்னேரமே புறப்பட்டது. ஆர்மோனியத்தை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு, ஜேக்கப் அண்ணர் தலைமையில் எங்கள் சின்ன ஒழுங்கைக்குள் வந்தார்கள்.

வழக்கம் உங்களுக்குத் தெரியும். செத்த வீடு கண்ட வருசம் கூட்டம் அந்த வாசலில் நிற்காது. நீங்கள் தலைவராக இருந்த காலத்திலும் அப்படித்தான் கடந்து போனீர்கள், மரியாதை என்று சொல்லிக்கொண்டு. உள்ளே இருப்பவர்களுக்கு அந்த மரியாதை எப்படி இருக்கும் என்று ஒரு தடவையாவது யோசித்தீர்களா?

நான் திரை இடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டில் பாடி முடித்ததும், தொப்பியைக் கழற்றி, தலை குனிந்து, பூனை நடை நடந்து எங்கள் வாசற் படலையைத் தாண்டினார்கள். மணி என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏனம்மா போகினம்? எங்கட வீட்டிலை யேசு பிறக்க மாட்டாரோ?"

ஐயோ, என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கதவைத் திறந்துகொண்டு கறுப்புச் சேலையோடு தெருவுக்கே ஓடினேன்.

"நில்லுங்கோ! அவர் பழக்கின பாட்டை அவற்ற வாசலிலை படிக்க மாட்டியளோ?"

ஜேக்கப் அண்ணர் திரும்பி வந்தார். "தங்கச்சி, உங்கட துக்கத்துக்காகத்தான்..."

"துக்கம் எனக்கு. அதை நான் பார்த்துக்கொள்ளுறன். மாட்டுக் கொட்டிலுக்கை பிறந்தவருக்கு என்ரை வீடு ஆகாதோ?"

நானே பாட்டைத் தொடங்கினேன். என் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே! சுருதி ஒருபக்கம், நான் ஒருபக்கம். ஆர்மோனியக்காரர் என்னைத் தேடிப் பிடிக்கப் பட்ட பாடு! நான் விடவில்லை. இரண்டாம் அடியில் கூட்டம் சேர்ந்தது. மூன்றாம் அடியில் பின்னால் ஒரு குரல் கேட்டுத் திரும்பினேன். கிரேஸ் மச்சாள் வாசற்படியில் நின்று, கண்ணீர் வழிய வழியப் படித்துக்கொண்டிருந்தா.

எனக்குச் சந்தோசம் வந்தது. மெய்யாகச் சொல்லுகிறேன், வயிறு நிறைந்தமாதிரி வந்தது. துக்கம் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. அதன் பக்கத்தில் ஆண்டவரும் வந்து இருந்துகொண்டார். கோபித்துக்கொண்டிருந்தவளிடம் அவரே தேடி வந்திருக்கிறாரே, நான் என்ன செய்ய?

நானும் கூட்டத்தோடு நடந்தேன். ஒழுங்கைக் கோடியில் பிலோமினா அக்காவின் வீடு. மகன் போன கப்பல் மூழ்கிய நாளிலிருந்து அவ வெளியே வந்ததே இல்லை. அந்த வீட்டையும் தாண்டிப் போக இருந்தார்கள். நான் படலையைத் திறந்துவிட்டேன். பாட்டு முடியுமட்டும் கதவு அசையவில்லை. பிழை செய்துவிட்டேனோ என்று நினைத்தேன். பிறகு கதவு திறந்தது. வாடிப்போன அந்த மனுசி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டா:

"இன்னொண்டு படியுங்கோ, பிள்ளையள்."

பிறகென்ன, தொண்டை கட்டுமட்டும் படித்தோம்! ஜேக்கப் அண்ணர் என்னை இனிக் கூட்டத்தோடு வரச் சொல்லியிருக்கிறார், கொஞ்சம் மெதுவாகப் படிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. மெதுவாகவா, நானா?

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வருகிற நத்தாருக்கும், அதற்கடுத்த நத்தாருக்கும், எனக்கு நடக்கக் கால் உள்ளமட்டும், எங்கள் கூட்டம் முதற் பாட்டைப் படிப்பது செத்த வீடு கண்ட வாசலில்தான்.

என்றும் உங்கள் மனைவி,
மணியின் தாய்,
அன்னம்மா