காலிக் கோட்டையில் நின்ற ஆள்

என் உயிரான அக்கா,

உன் படத்துக்குப் போட்ட மாலை முழுதாக வாடவில்லை. அதற்குள் உன்னிடம் சொல்லியே ஆகவேண்டிய சேதி ஒன்று வந்துவிட்டது. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் ஊரறிய முதலிலிருந்து சொல்கிறேன்.

தாயில்பட்டியில் அத்தானின் பட்டாசு கம்பெனியில் ஒரு ஷெட் தீப்பிடித்து, உள்ளே இருந்த பெண்கள் வெளியே வரமுடியாமல் செத்தார்கள். விசாரணைக்கு அதிகாரி வரப்போவதாகப் பேச்சு. அந்த வாரம் பார்த்து உன் கணவர் உன்னைச் சிலோன் பார்க்கக் கூப்பிட்டார். துணைக்கு நானும். அதுவரை உன்னைக் குற்றாலத்துக்குக்கூடக் கூட்டிப்போகாத மனிதர்!

“எதுக்குடி இவுகளுக்குத் திடீர்னு இம்புட்டுப் பாசம்?” என்று தனுஷ்கோடியில் கப்பல் ஏறும்போதே என் காதில் கேட்டாய்.

சிலோனின் தென்கோடியில் நாம் போய்த் தங்கிய காலி அழகான ஊர்தான். டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை, அதற்குள்ளேயே தெருக்கள், ஓட்டு வீடுகள், மதிலை ஒட்டிக் கடல். நான் வாயைப் பிளந்து பார்த்தேன். நீயோ அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாய். சாயங்காலமானால் “ஒரு வியாபாரியப் பாத்துட்டு வாரேன்” என்று தனியாகக் கிளம்பிவிடுவார். “வெளக்குக் கோபுரத்துப் பக்கம் போயிராதீக, அங்கன ஆளுக சரியில்ல” என்பார்.

நீ என்னை இழுத்துக்கொண்டு நேராக அங்கேதான் போனாய். ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் நம் கம்பெனி போர்மேன் மாடசாமி நின்றான். காரியாபட்டியில் தாய்க்கு உடம்பு சரியில்லை என்று போனதாக அத்தான் சொன்ன அதே ஆள்.

“ஏலே மாடசாமி, இங்கன என்ன செய்யுற?” என்றாய்.

அவன் அழுதுவிட்டான். “விசாரணை முடியுற வரைக்கும் இங்கன இருன்னு மொதலாளிதான் அனுப்பி வச்சாகம்மா. ஆர்டர் முடியாம யாரும் வெளிய போகக்கூடாது, கதவப் பூட்டுன்னாக. பூட்டுனேன். தெறக்க ஓடியாரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சும்மா.”

நமக்கு ஊர் காட்டுகிற சாக்கில், அவன் வாயை அடைக்க வந்திருக்கிறார் அத்தான்!

அன்றே அத்தானிடம் கேட்டாய். “கதவப் பூட்டச் சொன்னது நீகதானா?”

“ஒனக்கு எவன் சொன்னான்?”

“யாரு சொன்னாங்கிறதுதான் ஒங்க கவலையா? செத்தவளுக மொகம் ஒண்ணாச்சும் ஞாபகம் இருக்கா?”

ஊர் திரும்பியதும் அதிகாரி முன்னால் எல்லாவற்றையும் சொன்னாய். லைசென்ஸ் போனது. நீ நம் வீட்டுக்கு வந்தவள், கடைசிவரை திரும்பிப் போகவில்லை. ‘புருசனக் காட்டிக் கொடுத்தவ’ என்று உன் காதுபடவே பேசினார்கள். எப்போதாவது வருந்தினாயா அக்கா? நான் கேட்டதே இல்லை.

இப்போது சேதிக்கு வருகிறேன். நேற்று அத்தான் வந்திருந்தார். நாரணாபுரத்தில் புதுக் கம்பெனி போடுகிறாராம். அதற்கு உன் பெயராம்.

“அவ பேரு நெலைக்கட்டும்னுதான்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தக் கண்ணீர் நிஜமாக இருக்குமோ? இருக்கலாம். ஆனால் என் மனம் நம்ப மறுக்கிறது. உன் சாட்சியால் இழந்த லைசென்ஸை உன் பெயரைக் காட்டியே திரும்ப வாங்கப் பார்க்கிறாரோ? பெண்டாட்டி மன்னித்துவிட்டாள் என்று ஊர் நினைக்கட்டும் என்றுதானோ?

“பின்பக்கம் கதவு வச்சிருக்கீகளா அத்தான்?” என்று கேட்டேன். வைத்த காப்பியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

அக்கா, லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரியின் ஆபீஸுக்கு நானே போவேன். நீ அவரை விட்டு வந்ததையும், எதற்காக வந்தாய் என்பதையும் சொல்வேன். அந்தக் கம்பெனி வாசலில் உன் பெயர் ஏறாது. இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்லம்