எஞ்சின் ஆறட்டும்

மார்ச் 4

அன்புள்ள விசிலுக்கு,

நலமறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உன் நலம் எனக்கு முன்பே தெரிந்துவிட்டதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். உன் வீட்டுத் தங்கச்சி நேற்று என் மகளிடம் ஃபோனில் அழுதிருக்கிறாள். உனக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோயாம். டாக்டர் வரச் சொல்லியும் போகாமல் ரேடியோவைத் திருகிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறாயாம். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே தடத்துப் பஸ்ஸில் நான் டிரைவர், நீ கண்டக்டர். பின்னால் நீ கொட்டாவி விட்டால்கூட எனக்குக் கண்ணாடியில் தெரியும். இப்போது உன் சேதியை மூன்றாவது ஆள் சொல்லி நான் கேட்கவேண்டியிருக்கிறது.

ஃபோனில் உன்னைத் திட்டலாம் என்றால் என் காதுதான் எஞ்சின் சத்தத்தில் போய்விட்டதே. அதனால் பேத்தியின் படிப்பு மேஜையில் உட்கார்ந்து எழுதியே திட்டுகிறேன். ஜன்னலுக்குக் கீழே புதுப் பஸ்கள் போகின்றன. கதவு தானே மூடிக்கொள்கிறது, கண்டக்டரே கிடையாது. டிரைவர் முகத்தில் சிரிப்பும் இல்லை. பேச்சுத் துணை இல்லாதவன் எப்படிச் சிரிப்பான்?

ஒளிக்காமல் எழுது.

உன் டிரைவர் அண்ணன்


மார்ச் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணிக்கு என் வணக்கம். உங்களைக் கவலைப்படுத்த வேண்டாம் என்றுதான் எழுதவில்லை. என் வீட்டுக்காரி வாயில் எது நிற்கிறது?

டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையாகப் படம் போட்டுச் சொன்னார். கட்டி சுரப்பிக்குள்ளேயே இருக்கிறதாம், வெளியே பரவவில்லையாம். இங்கே எல்லோரும் கரண்ட் வைப்பது என்கிறார்களே, அந்தக் கதிர் சிகிச்சை போதும் என்றார். அதில் இரண்டு வழி. நாலு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் போய்ப் படுப்பது ஒன்று. சுரப்பியை மட்டும் குறிபார்த்து, ஒவ்வொரு தடவையும் கூடுதலாகக் கொடுத்து, ஐந்தே தடவையில் முடிப்பது இன்னொன்று. “உங்க நிலைமையில இருக்கிறவங்களுக்கு ரெண்டுலயும் பலன் ஒண்ணுதாங்க. சின்னதுல கொஞ்ச நாளைக்கு யூரின் தொந்தரவு கூடுதலா இருக்கலாம், அப்புறம் தணிஞ்சிடும்” என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். இந்த வயசில் நமக்கு எதற்கு அண்ணே இதெல்லாம்?

நேற்று பழைய தோல்பையை எடுத்துத் துடைத்து வெயிலில் வைத்தேன். சில்லறையும் வியர்வையும் டீசலும் கலந்த அந்த வாசம் அப்படியே இருக்கிறது. முன் சீட்டுக் கணக்கு டீச்சரை நினைத்துக்கொண்டேன். “வண்டி அஞ்சு நிமிஷம் லேட்டு” என்று தினமும் உங்களுக்கு மார்க் போடுவாரே. ரேடியோவுக்குப் புது பேட்டரி போட்டிருக்கிறேன், நன்றாகப் பாடுகிறது.

உங்கள் விசில்


மார்ச் 17

அன்புள்ள விசிலுக்கு,

தோல்பை எழுதினாய், டீச்சர் எழுதினாய், பேட்டரிகூட எழுதினாய். ஏன் போகவில்லை என்பதை மட்டும் காணோம். டிக்கெட் எடுக்காதவனை எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று ஒருநாள் உன்னைக் கேட்டேன். “கேக்காமலே ரொம்பப் பேசுவான் அண்ணே” என்றாய். இப்போது நீ பேசுகிறாய்.

ஐந்து தடவை என்றதும் உன்னைக் கைகழுவிவிட்டார்கள் என்று நினைத்தாயோ? நம் தடத்தில் எக்ஸ்பிரஸும் ஓடியது, நாமும் ஓடினோம். அவன் நிற்கும் இடம் குறைவு, போய்ச் சேரும் ஊர் ஒன்றுதான். டாக்டரே சொன்ன பிறகு உனக்கு என்ன சந்தேகம்? வயசைக் காட்டாதே. உன்னைவிட நாலு வயசு மூத்தவன் நான், இன்னும் பல்லால் கரும்பு கடிக்கிறேன்.

என்ன விஷயம் என்று சொல். நான் வேறு யாருக்கும் சொல்லமாட்டேன்.

உன் டிரைவர் அண்ணன்


மார்ச் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? நான் ஒருநாள் போனேன். வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது.

சிகிச்சைக்கு முன்னால் அளவெடுக்க ஒரு ஸ்கேன். தண்ணீர் குடித்துவிட்டு, அடக்கிக்கொண்டு, ஆடாமல் படுக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் பக்கத்து உறுப்புகள் கதிர் படாமல் விலகி நிற்குமாம். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். என்னால் எது முடியாது என்று உலகத்தில் ஒருத்தருக்குத் தெரியும் என்றால் அது உங்களுக்குத்தான். அன்றைக்கு மேஜையிலேயே நனைந்துவிட்டது. அந்த மெஷின் ஓட்டுகிற பெண் என் மகளைவிடச் சின்னவள். அவள்தான் மேஜைத் துணியை மாற்றினாள். நான் நிமிர்ந்து பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இனி அந்த வாசலை மிதிக்க எனக்கு முகமில்லை.

நம் பாலத்தை நினைத்துக்கொண்டேன். பாதி வழியில் நான் நெளிய ஆரம்பித்ததும் நீங்கள் ஓரங்கட்டி நிறுத்துவீர்கள். “எஞ்சின் சூடாயிருக்கு, பத்து நிமிஷம் ஆறட்டும்” என்று வண்டி முழுக்கக் கேட்கச் சொல்வீர்கள். நான் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்கு அடியில் இறங்குவேன். எல்லோரும் நான் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கப் போவதாக நினைத்தார்கள். புது வண்டி வந்த பிறகும் எஞ்சின் சூடானது. டிப்போ மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு, “இந்த வண்டி உங்க கையில மட்டும்தான் சூடாகுது” என்று தலையைச் சொறிந்தார். நீங்கள் ஒருநாளும் என்னிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும் நன்றி சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் எனக்காக வண்டியை நிறுத்த யார் இருக்கிறார்கள் அண்ணே?

உங்கள் விசில்


மார்ச் 30

அன்புள்ள விசிலுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். உன் அண்ணி தேடிக்கொண்டு வந்தாள்.

அந்தப் பத்து நிமிஷம் உனக்காக மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயா? என் முதுகு நிமிர்ந்ததே அங்கேதான். ஆற்றுக் காற்று வரும். சண்டை போட்டுக்கொண்டு வந்தவர்கள்கூடக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். டீச்சர் என்னிடம் சிரித்துப் பேசிய ஒரே இடம் அந்தப் பாலம்தான். என் வேலையில் எனக்குப் பிடித்த நேரம் அது. ஓய்வு பெற்ற பிறகு நான் ஏங்கியது ஸ்டியரிங்குக்காக இல்லை, அதற்காகத்தான்.

ஆகவே நான் சொல்வதைக் கேள். நாலு வாரம் தினமும் கூச்சப்படுவதற்கு ஐந்து தடவை கூச்சப்படுவது மேல். சின்ன வழியையே எடுத்துக்கொள். அந்தப் பெண்ணிடம் உன் கஷ்டத்தைச் சொல்லு. உனக்கு வாய் வரவில்லை என்றால் போய் உட்கார்ந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். எப்படி என்று கேட்காதே.

நீ போய்விட்டால் எனக்கு எழுத ஆளில்லை. இதற்கு மேல் கெஞ்ச எனக்குத் தெரியாது.

உன் டிரைவர் அண்ணன்


மே 6

அன்புள்ள அண்ணனுக்கு,

முடிந்துவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து தடவை. அடிக்கடி எழுந்து போகவேண்டியிருக்கிறது, கொஞ்சம் எரிச்சல், அசதி. டாக்டர் சொன்னது போலத்தான். மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் மற்றது தெரியும்.

முதல் இரண்டு தடவை பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்பேற்றிவிட்டேன். மூன்றாவது நாள் எனக்கு முன்னால் இருந்தவருக்கு நேரமாகிவிட்டது. வெளியே நாங்கள் ஏழெட்டுப் பேர், எல்லோரும் தலை நரைத்தவர்கள், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். என்னால் முடியவில்லை. வீட்டுக்கே போய்விடலாம் என்று எழுந்துவிட்டேன். அப்போது அந்தப் பெண் கதவைத் திறந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “மெஷின் கொஞ்சம் சூடாயிருக்குங்க. பத்து நிமிஷம் ஆறட்டும்” என்றாள்.

நான் நின்றது நின்றபடி நின்றேன். அதற்குள் இரண்டு பேர் எனக்கு முன்னால் கழிப்பறைக்கு ஓடிவிட்டார்கள். திரும்பி வந்து மறுபடி தண்ணீர் குடித்து, காத்திருந்து, மூவரும் சிரித்துக்கொண்டே உள்ளே போனோம்.

கடைசி நாள் அவளைக் கேட்டேன், “ஏம்மா, இந்த மெஷின் சூடாகுமா?”

“ஆகாதுங்க. ஒரு அக்கா ஃபோன் பண்ணாங்க. பின்னாடி ஒருத்தர் என்ன சொல்லணும்னு கத்திக்கிட்டே இருந்தாரு. அந்த அக்கா பேசினதைவிட அவர் கத்தினதுதான் எனக்கு நல்லா கேட்டுது.”

அங்கேயே அழுதுவிட்டேன் அண்ணே. அவள் துணியை மாற்றிய நாளில் வந்த வெட்கம் இப்போது வரவில்லை.

உடம்பு தேறியதும் வாருங்கள் என்று கூப்பிட நினைத்தேன். வேண்டாம், நானே வருகிறேன். நம் தடத்து வண்டியில்தான் வருவேன். இப்போது அது பாலத்தில் நிற்பதில்லையாம். பரவாயில்லை, டிரைவரிடம் நானே எழுந்து போய்ச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

உங்கள் விசில்