பச்சைக் கம்பளிக் கூடு

11 பெப்ரவரி 2006, சனி இரவு

மன்னாரிலை இருக்கிற என்ரை மனுசி இண்டைக்கும் வாறன் எண்டு சொல்லேல்லை. விசா கிடைச்சும், "பேந்து பாப்பம்" எண்டுபோட்டுப் போனை வைச்சிட்டாள். இஞ்சை, லொங்குய் நகரத்திலை, இந்த வீட்டை அவளுக்காகத்தான் எடுத்தனான்.

கூண்டுக்குள்ளை குருவி கத்திக்கொண்டு நிண்டது. ஊர்த் தூக்கணாங்குருவி எண்டுதான் அதை வாங்கினனான். பின்னேரம் வந்த பக்கத்து வீட்டுக் கொங்கோக்காரர் பாத்துச் சிரிச்சார். "கறுத்த முகம், சிவத்த கண். இது எங்கட நாட்டுக் குருவி. ஊர்மனை மரங்களிலை கூட்டமாக் கூடு கட்டும்" எண்டார். ஆண் பச்சைப் புல்லாலை கூடு பின்னி, அதிலை தலைகீழாத் தொங்கி, செட்டையடிச்சுப் பெட்டையைக் கூப்பிடுமாம். புல்லுக் காய்ஞ்சும் ஒருத்தியும் வராட்டில், தானே பிய்ச்செறிஞ்சிட்டுப் புதுசாத் தொடங்குமாம்.

இந்தப் பனிக்குள்ளை புல்லுக்கு நான் எங்கை போக? பச்சைக் கம்பளி நூலைத்தான் வெட்டிப் போட்டனான். அது எப்ப காயிறது? மார்கழியிலை பின்னின கூட்டிலையே இண்டைக்கும் தொங்கிக்கொண்டு கூப்பிடுது, விசர்க் குருவி.

பிய்ச்சு விடுவமெண்டு கையை விட்டனான். கொத்திப்போட்டுது.

நாளைக்குச் சேர்ச்சிலை பூசை முடிய அவளுக்குத் திரும்பப் போன் எடுக்கவேணும். போன் காட்டிலை காசு இன்னும் முடியேல்லை.