மிளாவுக்கு நிழல்

ஜூலை 14, செவ்வாய்

எட்டு மணிக்கே சுள்ளென்று வெயில். அமராவதிபுதூருக்கு மூன்றாவது நடை. வேளாண் ஆபீஸ் கொடுத்த, கடலை விதையோடு கலக்கும் ரைசோபியம் பாக்கெட் நாற்பதும் அப்படியே திரும்பி வந்தன. மாதக் கடைசியோடு காலாவதி. போன வருஷம் கருப்பையா அண்ணன் கடலைக்குப் போட்டுப் பார்த்து, பிரயோசனமில்லை என்று சொல்லிவிட்டார். இனி அவர் போட்டால்தான் ஊர் போடும். விடப்போவதில்லை.

வீட்டில் இவர் பள்ளிக்கூடக் கண்காட்சிக்காகப் பலகையில் மிளா மான் செய்கிறார். ஆள் உயரம். தெருவே வந்து வேடிக்கை. என் பாக்கெட்டை ஒருத்தரும் சீண்டவில்லை. எரிச்சல்.

ஜூலை 15, புதன்

வாங்க: பால், மிளாவைத் தேய்க்க உப்புத்தாள், பாப்பாவுக்கு ரப்பர்.

மிளா - அழியக்கூடிய விலங்குகள் பட்டியலில் உண்டு. கொம்பு, காது, பெரிய கண். செத்தால் பேப்பரில் வரும்.

ரைசோபியம் - மண்ணில் வாழும் பாக்டீரியா. ஒரு பட்டியலிலும் இல்லை. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கடலை வேருக்கு ஊட்டும். செத்தால் எனக்கே தெரியாது.

இவரிடம் படித்துக் காட்டினேன். "ஒன்னோடதுக்கு மூஞ்சி இல்லையே" என்றார். கோபம். ஆனால் சரிதான்.

ஜூலை 17, வெள்ளி

கருப்பையா அண்ணன் கதவு வேலை சொல்ல இவரிடம் வந்தார். வாசலில் வர்ணம் காய்ந்துகொண்டிருந்த மிளாவைப் பார்த்து, வாயில்லா சீவன், நிழலில் கட்டக்கூடாதா என்று கேலி. சிரித்தோம். சமயம் பார்த்துக் கேட்டேன்.

"அண்ணே, போன வருஷம் வெதையோட எப்படிக் கலந்தீக?"

"நீ எழுதிக் குடுத்தாப்புலதாம்மா. கஞ்சியில. அடுப்புல இருந்து எறக்குன சூட்டோட. அப்பத்தானே ஒட்டும்?"

சூட்டோடா? போன வருஷம் ஊருக்குக் கொடுத்த துண்டுச்சீட்டில் மிச்சமிருந்த ஒன்றைத் தேடி எடுத்தேன். 'கஞ்சியில் கலக்கவும்.' அவ்வளவுதான். ஆறிய கஞ்சி என்று இல்லை. எழுதியது நான். ஒரு வருஷமாக அவரை வறட்டுப் பிடிவாதம் என்று திட்டியது வேறு. வெட்கம்.

சொல்லிவிட்டேன். பாக்கெட்டில் இருந்தது உயிர், சூட்டில் செத்துவிட்டது, தப்பு என்னுடையது.

"உசுருன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல, ஆத்தா" என்றார். பாக்கெட் வாங்காமல் போய்விட்டார்.

ஜூலை 18, சனி

விடியும் முன் உட்கார்ந்து நாற்பதிலும் எழுதி ஒட்டினேன்: 'உள்ளே உயிர் இருக்கிறது. கஞ்சியை ஆறவிடவும்.' விரல் வலி. டீ கூடக் குடிக்கவில்லை.

பத்து மணிக்கு அமராவதிபுதூர். க. அண்ணன் வீட்டு வேப்பமரத்தடியில், தட்டு போட்டு மூடிய சட்டி. பக்கத்தில் சாக்கு விரித்து விதைக்கடலை.

"வெள்ளனமே கஞ்சிய எறக்கி வச்சிட்டேன். வெரல விட்டுப் பாரு."

விட்டேன். ஜில்லென்று இருந்தது.