மீனிடம் அப்பா கேட்ட கேள்வி

யேசு மரி சூசை துணை.

கொட்டாஞ்சேனை.

அன்பு மகன் மெல்ரோய்க்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகள் ஷாமிலாவும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுத்தான் தினமும் செபமாலையை மடித்து வைக்கிறேன். இங்கே நான் இருக்கிறேன். சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். குழந்தை சுவரைப் பிடித்து நிற்கிறதாக ஷாமிலா சொன்னாள், கூரான மேசை மூலைகளில் துணி கட்டி வை.

எனக்கு எழுத்துப் பிழை வரும், சிரிக்காதே. போனில் சொல்லலாம் என்று பார்த்தால் நீ போனுக்கு வருகிறாய் இல்லை. கேட்டால், குளிக்கிறார் மாமி என்கிறாள் ஷாமிலா, ஒரு மனுசன் எத்தனை தரம்தான் குளிப்பான். போன கிழமை அவள் அழுதுகொண்டே சொல்லிவிட்டாள், அப்பாவின் ஆண்டுப் பூசை முடிந்ததும் நீ அந்த மீன் வீடியோவையும் அப்பா இருக்கிற மற்ற எல்லாவற்றையும் அழித்துவிடப் போகிறாயாம், பேஸ்புக் பேஜையே மூடப் போகிறாயாம். அன்றையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். மேல் மாடி ஷிம்னா இதைப் போட்டோ எடுத்து ஷாமிலாவின் போனுக்கு அனுப்புவாள்.

அப்பாவை அடக்கம் பண்ணி வந்த அன்று டீவிக்கு மேல் வெள்ளைத் துணி போட்டேன், இன்னும் எடுக்கவில்லை. பாட்டு இல்லை, படம் இல்லை, நத்தார் பண்டிகைக்குப் பலகாரமும் சுடவில்லை. நான் விடாமல் பார்த்த நாடகமும் முடிந்துவிட்டதாம், கடைசியில் அந்தப் பெண் யாரைக் கட்டினாள் என்று ஷிம்னா சொல்ல வந்தாள், வேண்டாம் பிள்ளை என்று விட்டேன். வீட்டை இப்படி மூடி வைத்தேன், றோட்டை மூட முடியவில்லை மகன். வருஷம் முழுக்க அந்த மீன் வீடியோவில் இருக்கிற உன் அப்பாவின் குரல் றோட்டில்தான் திரிந்தது. முட்டை விலை கூடினாலும் அதுதான், பெற்றோல் கூடினாலும் அதுதான், யாரோ கலியாண மண்டபத்து வாடகையைக் காட்டி அதற்கும் அதைப் போட்டார்களாம். நீ கடலால வந்தனியோ, இல்லாட்டி கனடாவால வந்தனியோ, இந்த விலை சொல்லுறாய் என்று பஸ்ஸில் எனக்குப் பின் சீற்றில் இருந்த பெட்டையின் போன் கேட்கிறது. வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடை வாசலில் அதற்குப் பைலா மேளம் அடித்துப் போட்டிருந்தார்கள். நான் அந்தப் படியிலேயே இருந்துவிட்டேன். கடைக்காரப் பெடியன் தண்ணி கொண்டு வந்து தந்து, என்ன அன்ரி வெயிலோ என்றான். ஓம் தம்பி வெயில் என்றேன். வேறென்ன சொல்ல.

நீ அதை எடுத்தது பகிடிக்குத்தான், அவருக்கும் அது பெருமைதான். பேலியகொடை மீன் சந்தையில் அந்தச் சிங்கள முதலாளிக்குத் தமிழ் விளங்காது என்று நினைத்துத்தான் மீனைப் பார்த்துக் கேட்டவர், முதலாளிதான் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். நீ கனடா திரும்பிய பிறகு தெருவில் ஆட்கள் அவரோடு நின்று போட்டோ எடுக்கிறார்கள் என்று தினமும் முகம் வழித்துக்கொண்டு வெளிக்கிட்டார். பாண் வாங்கப் போகிறதற்கும் பவுடர். நான் பகிடி பண்ணினால், நேசம், என்ர ரசிகர் பாத்துக்கொண்டு நிப்பினம் என்பார். அந்தச் சந்தோஷம் கொஞ்ச நாள்தான். ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் நெஞ்சு நோகுது என்றவர், ஆஸ்பத்திரி வாசலைக் காணவில்லை.

மகன், நீ எதை மனதில் வைத்து உன்னையே தின்கிறாய் என்று எனக்குத் தெரியும். அப்போது ஷாமிலாவுக்குப் பிள்ளை பிறக்கிற நாள், அவளை விட்டு அடக்கத்துக்கு வராதே என்று சொன்னது நான்தான், இப்போதும் அதையே சொல்வேன். கலியாண வீடியோ எடுக்கிற கிஷாந்த் வந்து, அன்ரி அடக்கத்தை லைவ் போடுவோம், சொந்தக்காரர் எல்லாரும் மெல்ரோயின் பேஜில்தானே இருக்கிறார்கள் என்றான். நீ பாஸ்வேர்டு கொடுத்தாய். அங்கே சொந்தக்காரரை விடப் பத்து மடங்கு ஊர் பேர் தெரியாத ஆட்கள் இருந்தது அந்த நேரம் யாருக்கு ஞாபகம். அவர்கள் இதையும் பகிடி என்று நினைத்தார்கள். பெட்டிக்கு மேலால் சிரிப்புப் படங்கள் பறந்ததும், பெட்டி கடலால வந்ததோ கனடாவால வந்ததோ என்று ஒருவன் எழுதினதும் எனக்கு முப்பத்தோராம் நாள் முடிந்த பிறகுதான் தெரியும். நான் பெட்டியைப் பார்த்து அழுதேன். நீ அதையும் பார்த்து, தனிய இருந்து அழுதாய்.

ஆனால் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த லைவைப் பார்த்துத்தான் பேலியகொடை முதலாளியும் வந்தவன். வெள்ளைச் சட்டை போட்டு, தம்பியையும் கூட்டிக்கொண்டு, வாசலில் நின்றான். கமெரா பெட்டிப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தபடியால் நீ கண்டிருக்க மாட்டாய். அய்யா நல்லம் என்று தமிழில் அவ்வளவுதான் சொல்லத் தெரிந்தது. மாதம்பிட்டிக் கல்லறை வரைக்கும் நடந்து வந்தான்.

கிஷாந்தும் பாவம், முகம் கொடுக்க முடியாமல் திரிந்தான். புதுவருஷத்துக்கு வந்து, அன்ரி உங்களுக்கு ஒன்று செய்தனான் என்று போனைக் காட்டினான். அப்பாவின் போட்டோவை ஏஐயில் போட்டிருக்கிறான். அப்பா எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்துச் சிரிக்கிறார், வாய் நிறையப் பல். இது யார் தம்பி என்று கேட்டேன். அங்கிள்தான் அன்ரி என்கிறான். எங்கட ஆளுக்கு முன்பல் எங்க இருந்தது, துறைமுகத்தில கயிறு அறுந்து அடிச்சு விழுந்தது ஊருக்கே தெரியுமே என்றேன். அவன் அழுதுவிட்டான். நானும்தான். நல்ல மனதோடு செய்தான், ஆனால் எனக்கு இரண்டு நாள் பயமாக இருந்தது. உண்மையான முகம் எது என்று கண்ணை மூடிப் பார்த்தால் அந்தப் பல்லுக்காரன் முன்னுக்கு வந்து நிற்கிறான்.

அதற்குத்தான் கேட்கிறேன். நீ அழித்தால் உன்னிடம் இருக்கிறது மட்டும்தான் போகுமாம், சிரிக்கிறவர்கள் வைத்திருக்கிறது அப்படியே இருக்குமாம், ஷிம்னா சொன்னாள். அவர்கள் பகிடியை மட்டும் வெட்டி எடுத்தவர்கள். முழுதும் உன் பேஜில்தான் இருக்கிறது. முதலாளி சிரித்த பிறகு உன் பக்கம் திரும்பி, ஓட்டைப் பல்லைக் காட்டிக்கொண்டு, எடுக்கிறியோ மகன், சரி சரி என்று சொல்லிவிட்டு, உனக்குப் பாரை விருப்பம் என்று முதலாளியிடம் சிங்களத்தில் சொல்லி, அதே விலைக்கு நிறுக்கச் சொல்கிறார். ஊரெல்லாம் விலை கேட்ட மனுசனைத்தான் தெரியும். வாங்கின மனுசனை நீ மட்டும்தான் எடுத்து வைத்திருக்கிறாய். அதை அழித்துவிட்டு உன் பிள்ளைக்கு எதைக் காட்டுவாய், அந்தப் பல்லுக்காரனையோ.

அவர் போன பிறகு நான் அதைப் பார்க்கவில்லை. துக்க வருஷம் முடியட்டும் என்று இருக்கிறேன். அழிக்கத்தான் வேண்டும் என்று உன் மனம் சொன்னால் நான் தடுக்க மாட்டேன், ஆனால் அங்கே இருந்து அழிக்காதே. ஆண்டுப் பூசைக்கு வா. என் பக்கத்தில் இருந்து ஒருதரம் முழுக்கப் போட்டுக் காட்டு. அதற்குப் பிறகும் உன் விரல் அழுத்துமென்றால் அழுத்து.

மாதா உங்கள் மூன்று பேரையும் தன் சீலைக்குள் வைத்துக் காக்கட்டும். குளிருக்குக் காதை மூடு. ஷாமிலாவோடு எரிந்து விழாதே, அவளும் பிள்ளை பெற்ற உடம்பு. நாளைக்கு நான் எடுக்கும்போது போனுக்கு வா, ஒன்றும் கதைக்காவிட்டாலும் பரவாயில்லை.

உன் அம்மா
இ. நேசம்