நடுப்பக்கத்துக்கு வந்துவிட்ட பூதம்

என் தங்கத்துக்கு,

பகடை உருட்டிச் சாகச ஆட்டம் ஆடுகிறவர்களுக்காக நீ நடத்தும் பத்திரிகையின் ஏழாம் இதழை, நீ கோபித்துக்கொண்டு போனபோது மேஜையிலேயே விட்டுவிட்டாய். நானே மடித்து, பின் அடித்து, நூறு பேருக்கும் தபாலில் அனுப்பிவிட்டேன். "பூதத்தை விரட்டுறதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று கேட்ட என் வாய்க்கு என் கைதானே பரிகாரம் செய்ய வேண்டும்?

அதிலும் சொதப்பல். ஆட்டத்தை நடத்துபவர் மட்டும் படிக்க வேண்டிய ரகசியத் தாளைத் தனி உறையில் போடாமல், எல்லாப் பிரதியிலும் நடுப்பக்கமாக வைத்துவிட்டேன். நேற்று உன் வாசகி ஒருத்தி போனில் பிடித்துக்கொண்டாள்.

"என்ன அங்கிள், கோட்டை வாசல் பூதத்தோட குட்டு உடைஞ்சு போச்சே! கத்தியும் வேணாம், மந்திரமும் வேணாம், 'சாப்பிட்டியா'ன்னு கேட்டாலே வழி விட்டுருமாமே!"

"படிக்காமலே பின் அடிச்சுட்டேம்மா" என்றேன்.

பிறகுதான் படித்தேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதையே கோட்டை முழுக்கத் தேடுமாம் அந்தப் பூதம். யாரைப் பார்த்து எழுதினாய் என்று கேட்க மாட்டேன்.

முந்நூறு வருடமாக அதை யாருமே அப்படிக் கேட்டதில்லை என்று எழுதியிருக்கிறாய். பூதமும் யாரையும் கேட்டதில்லை, அதையும் சேர்த்துக்கொள். இப்போது கேட்கிறது.

சாப்பிட்டியாம்மா?

இப்படிக்கு,
நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்ட உன் அப்பா