பெரிய கரண்டியால் வந்த விருந்தாளி

வெஸ்ட் ஹார்லோ, மாசசூசெட்ஸ்
பிப்ரவரி 20

என் செல்ல மகள் லிடியாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், நியூசிலாந்து வெயிலில் நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். இங்கே ஜன்னல் உயரத்துக்குப் பனி. அப்பா காதில் மாட்ட வேண்டிய கருவி இன்னும் மேஜை டிராயரில்தான் இருக்கிறது, அதனால் வந்த வினையைத்தான் எழுதப் போகிறேன்.

முன்பு ஊருக்கெல்லாம் கிணறு தோண்டிக் கொடுத்த ஆரின் பிராட்டை உனக்குத் தெரியும், எண்பது வயது, தனிக்கட்டை, வாயைத் திறந்தால் குறை. ஜனவரியில் அவர் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் செத்துப்போயிற்று. போதகர் கெண்ட்ரா ஆராதனையில் சொன்னதுதான் தாமதம், எல்லாரும் போனை எடுத்துத் தட்டினார்கள், மாலைக்குள் அவர் வாசலில் பதினாறு போர்வை, மலை மாதிரி சூப் டப்பா, யாரோ கொடுத்த யோகா பாய். அவரை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துச் சபையின் இணையப் பக்கத்தில் போட்டார்கள். பாய்லரை மட்டும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை, நான் உட்பட. மறுநாள் காலை அத்தனையும் சபை வாசலில் திரும்பக் கிடந்தது, மேலே ஒரு சீட்டு: ‘பாய் நல்லா இருக்கு, போதகரம்மாவுக்குக் குடுங்க.’

அடுத்த ஞாயிறு சபையின் ஆண்டுவிழா விருந்து, பழைய பதிவேட்டை வாசிக்கும் பொறுப்பு எனக்கு. 1652இல் வீடு எரிந்துபோன ஒரு விதவையை இந்தச் சபையை நிறுவிய நம் பியூரிட்டன் முன்னோர் மாதம் ஒரு வீடாக வசந்தம் வரை வைத்துக் காப்பாற்றியதையும், இடம் தர மறுத்தவருக்கு ஆராதனையில் திருவிருந்து அப்பம் கிடையாது என்று தீர்மானித்ததையும், அதே மூச்சில் அந்த விதவைக்கு வாய் நீளம் என்று கண்டித்ததையும் பெருமையாக வாசித்து, எப்பேர்ப்பட்ட அன்பு என்று முடித்தேன். கடைசி மேஜையில் ஆரின் எழுந்தார். ‘நல்லா வாசிச்ச மார்ஜரி. இப்ப நான் யார் வீட்டுக்குப் போகணும்?’ என்றார். எல்லாரும் தட்டைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து சபைக் காரியங்களைக் கவனிக்கும் டீக்கனின் மனைவி பிலிஸ், பெரிய கரண்டி எங்கே என்று அப்பாவின் காதருகே கேட்டிருக்கிறாள். அப்பா தன் வழக்கமான குரலில், ‘எங்க வீட்டுலதான், வேற எங்க?’ என்று மண்டபம் அதிரச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். கரண்டிக்கு எதற்குக் கைதட்டினார்கள் என்று அப்பா வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார்.

அன்று மாலையே பெட்டியும் பூனையுமாக ஆரின் உன் அறைக்கு வந்துவிட்டார். பீன்ஸில் வெல்லப்பாகு போதாது, விளக்கு வீணாய் எரிகிறது, நான் ஊர்வம்பு அதிகம் பேசுகிறேன் என்று ஓயாத குறை. முன்னோர் காலத்தில் கொடுத்தவர்கள் கண்டித்தார்கள், இங்கே வாங்குகிறவர் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், ‘போர்வை குடுத்தா போர்வை எதிர்த்துப் பேசாது ஆரின்’ என்று சொல்லிவிட்டேன். அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். ‘அதுக்குத்தான் எல்லாரும் போர்வையாக் குடுக்கறாங்க. வினி போனதுலருந்து என்னை ஒருத்தரும் திட்டலை, தெரியுமா? மூணு வருஷமாச்சு’ என்றார். வினி, செத்துப்போன அவர் மனைவி. அன்றைக்குப் பாகைக் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றினேன், திகட்டுகிறது என்றார்.

பதிவேட்டில் உள்ள மாதம் ஒரு வீடு முறைப்படி, மார்ச்சில் பிலிஸ் வீடு. அது அவளுக்கு உறைத்த நாளிலிருந்து டீக்கனுக்கு நிம்மதி இல்லை. ஓடி ஆள் பிடித்து, தானும் கூட நின்று, மூன்றே நாளில் ஆரின் வீட்டில் புது பாய்லர் வைத்துக் கொடுத்துவிட்டார். பயந்து செய்தாலும் வீடு சூடாகத்தானே செய்கிறது.

நேற்று ஆரின் கிளம்பினார். இரண்டு பிள்ளைகளோடு காரிலேயே குடியிருந்த ஒரு தாயைத் தன் மாடிக்கு வரச் சொல்லிவிட்டாராம், படம் எடுக்க வந்தால் கதவு திறக்காது என்று போதகரிடம் முன்கூட்டியே சொல்லியும் விட்டார். அங்கே கட்டில் ஒன்று குறைந்தது, அதனால் உன்னுடையதை அனுப்பிவிட்டேன், ஈஸ்டருக்கு வந்தால் நீ சோபாவில்தான் படுக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி போடு, கர்த்தர் உன்னைக் கண்மணிபோல் காக்கட்டும். அந்தத் தாயின் மூத்த பெண்ணுக்கு உன் உயரம், உன் நீலக் குளிர்க்கோட்டைக் கொடுக்கலாமா என்று இரண்டு வரி எழுது. பதில் வருவதற்குள் கொடுத்துவிடுவேன், ஆனாலும் எழுது.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
மார்ஜரி